லிட்டரைப் பார்க்காதீர்கள், தம்பி

தம்பி, சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர் மாநிலத்தில் குருயேர் சீஸ் செய்யும் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மிகவும் மகிழ்ச்சி. "மாடு என்ன தின்றது, என்ன இனம் என்று முதலாளி ஏன் இப்படித் துருவுகிறார்? எல்லாம் பால்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே தொழிலில் எனக்கு 19 ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் துருவுவதுதான் சரி.

குருயேருக்குப் பால் தரும் மாடுகளுக்குச் சைலேஜ் கொடுக்கக் கூடாது. கோடையில் பசும்புல், குளிர்காலத்தில் உலர்புல். ஏதோ பழைய வழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சைலேஜ் என்பது காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த தீவனம். அது சரியாகப் புளிக்காவிட்டால் குளோஸ்டிரிடியம் என்ற கிருமியின் வித்துகள் பெருகும். மாட்டின் வயிற்றிலும் அவை சாவதில்லை; சாணத்தோடு வந்து, மடியில் ஒட்டி, பாலில் கலக்கும். செப்புக் கொப்பரையில் 57 டிகிரிக்குச் சூடாக்கினாலும் தாங்கிக்கொள்ளும். பல வாரங்கள் கழித்து, நிலவறையில் சீஸ் முதிரும்போது முளைத்து வாயுவைக் கக்கும்.

நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் ஒரு குளிர்காலம் அப்படி நடந்தது. சீஸ் வட்டுகள் உப்பிப் பிளந்து, கெட்ட வெண்ணெய்போல் காறல் நெடி அடித்தன. 35 கிலோ வட்டு ஒன்றுக்கு 400 லிட்டர் பால் வேண்டும். அவற்றைத் தூக்கி எறிந்த அன்று அழுதுவிட்டேன். வேறு சில சீஸ்களில் இதைத் தடுக்க நைட்ரேட்டோ லைசோசைமோ சேர்ப்பதுண்டு. குருயேரில் அதற்கு இடமில்லை. காவலைத் தீவனத் தொட்டியிலேயே வைக்க வேண்டும். சைலேஜைத் தவிர்க்கும் விவசாயிக்கு அரசு பால் கிலோவுக்கு 3 சென்டிம் (ஃபிராங்கில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்டிம்) கூடுதலாகத் தருவதும் இதனால்தான்.

சீஸின் நிறம் மாறுவதும் தீவனத்தால்தான். பசும்புல்லில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற மஞ்சள் நிறமி கொழுப்போடு பாலுக்கு வருகிறது. புல்லை உலர்த்தும்போது பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. அதனால் கோடைச் சீஸ் மஞ்சளாகவும் இளக்கமாகவும் இருக்கும், குளிர்காலத்தது வெளிறி இறுகியிருக்கும்.

இனத்துக்கு வருகிறேன். ஹோல்ஸ்டீன் குடம் குடமாய்க் கறக்கும். ஆனால் கொழுப்பு ஏறக்குறைய 4 சதவீதம், புரதம் 3.2 அளவில்தான். ஜெர்சியில் கொழுப்பு 5 சதவீதத்தைத் தொடும். இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது, உறைந்து சீஸாகும் கேசின் என்ற புரதத்தை. அதில் ஒன்றான கப்பா கேசினில் பி வகை உள்ள பால் விரைவாக, கெட்டியாக உறையும். பால் உறைந்தபின் பிரியும் தெளிநீரோடு ஓடிப்போகும் கொழுப்பும் குறையும். பிரவுன் சுவிஸ் மாடுகளில் அந்த வகை மிகுதி. அந்தப் பாலைக் கண்டால் எனக்கு இன்றும் கை துறுதுறுக்கும்.

வசந்தத்தில் மாடுகள் உலர்புல்லிலிருந்து பசும்புல்லுக்கு மாறும். அந்த வாரங்களில் தினமும், உறைந்த பாலை வெட்டுவதற்கு முன் விரலை விட்டுத் தூக்கிப் பாருங்கள். எப்படிப் பிளக்கிறது, எந்தப் பண்ணைப் பால், மாடு என்ன தின்றது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பால் கொண்டுவரும் விவசாயிகளிடம் தெரிந்த பிரெஞ்சிலேயே கேளுங்கள். தன் மாட்டைப் பற்றி ஒருவர் அக்கறையாகக் கேட்டால் அவர்கள் நேரம் பார்க்காமல் சொல்லித் தருவார்கள். நான் கற்றதில் பாதி அப்படித்தான்.