கண்ணுல வளைஞ்சு வளைஞ்சு ஒளி தெரியுதா? வாசகர் கேள்விகளுக்கு கண் டாக்டர் பதில்

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல மைக்ரேன் ஆரா பத்தித்தான் (ஒத்தைத் தலைவலியோட, சில சமயம் வலியே இல்லாம, கொஞ்ச நேரம் பார்வையில மின்னிட்டு போற ஒளி), அதனால மத்ததை அடுத்த தடவைக்கு தள்ளி வச்சுட்டேன்.

வயசு 56. பேப்பர் படிக்கும்போது நடுவுல எழுத்து காணாம போகுது, அப்புறம் பளபளன்னு ஒரு கோடு, 20 நிமிஷத்துல சரியாயிடுது. தலைவலியே இல்ல. தலைவலி இல்லாம மைக்ரேன் வருமா? (ஈரோடு)

வரும். சின்ன வயசுல தலைவலியோட வந்தவங்களுக்கு 50 தாண்டினப்புறம் வலி விட்டுப்போய் ஒளி மட்டும் மிச்சம் நிக்கறது சகஜம். ஆனா உங்களுக்கு முன்னாடி எப்பவாச்சும் வந்திருக்கான்னு எழுதவே இல்லையே. இதுதான் முதல் தடவைன்னா மைக்ரேன்னு நீங்களே முடிவு கட்டாதீங்க, 50க்கு மேல முதல்முறையா வந்தா பிரஷர், சுகர், கழுத்து ரத்தக்குழாய், இதயத்துடிப்பு எல்லாம் பாத்துட்டுதான் அந்த பேரை சொல்லணும்.

வலது கண்ணுல மட்டும் ஜிக்ஜாக்கா ஒளி வருது. ஒரே வருஷத்துல மூணு தடவை கண்ணாடி மாத்திட்டேன், இன்னும் நிக்கல. எந்த லென்ஸ் போடலாம்? (திருப்பூர், வயசு 34)

எந்த லென்ஸும் போட வேண்டாம். இந்த கேள்வியை படிச்சதும் எனக்கு மனசு ஆறவே இல்ல, ஏன்னா மாசத்துக்கு நாலஞ்சு பேராவது இதே கதையோட, பையில மூணு கண்ணாடியோட என் ரூமுக்கு வர்றாங்க. கால் பாயின்ட் பவர் மாத்தி, கோட்டிங் மாத்தி, ப்ளூ லைட் லென்ஸ்னு ஆயிரக்கணக்குல செலவு பண்ணிட்டு கடைசில வர்றாங்க. கண்ணாடி மாத்திக் குடுத்தவங்கள்ல ஒருத்தர்கூட "ஒளி வந்தப்ப ஒவ்வொரு கண்ணா மூடிப் பாத்தீங்களா"ன்னு அவங்களை கேட்டதில்ல, அதுதான் எனக்கு ஆதங்கம்.

அது வரும்போது வலது கண்ணை கையால மூடுங்க, ஒளி இன்னும் தெரியுதா? அப்புறம் இடதை மூடுங்க. பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு கண்ணுலயும் ஒரே இடத்துல தெரியும். கண்ணை ரெண்டையும் மூடினாலும் தெரியும். ஏன்னா அது கண்ணுல நடக்கல, பின்னந்தலையில, பார்வையை கவனிக்கிற மூளைப்பகுதியில நடக்குது. ரெண்டு கண்ணோட வலது பாதிப் பார்வையும் இடது பக்க மூளைக்குத்தான் போகுது. அங்க நரம்பு செல்கள் வழியா பரவுற ஒரு அலை கிளம்பினா வலது பக்கம் மின்னும், நீங்க அதை "வலது கண்"ணுன்னு நினைச்சுக்குவீங்க. அந்த அலை நிமிஷத்துக்கு சுமாரா 3 மில்லிமீட்டர்தான் நகரும், லாஷ்லின்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1941லயே தனக்கு வந்த ஒளியை படம் வரைஞ்சு நேரம் குறிச்சு இதை கணக்கு போட்டுட்டாரு. மூணு வருஷம் கழிச்சு லியோவ்ங்கிறவரு முயல் மூளையில அந்த மாதிரி அலையை நேரடியாவே பாத்தாரு. அதனாலதான் நடுவுல ஒரு புள்ளியா ஆரம்பிச்சு, காஞ்சிபுரம் சேலையோட டெம்பிள் பார்டர் மாதிரி முக்கோணம் முக்கோணமா வளைஞ்சு, மெதுவா ஓரத்துக்கு போய் மறையுது. இதுக்கு கண்ணாடிக் கடையில என்ன வைத்தியம் இருக்கு சொல்லுங்க?

மூடிப் பாத்து நிஜமாவே ஒரே கண்ணுலதான் தெரியுதுன்னா அது வேற கதை, ரெட்டினால, அதாவது கண்ணுக்குள்ள இருக்கிற விழித்திரையில, ரத்த ஓட்டம் தடைபடுதான்னு பாக்கணும், தள்ளிப்போடாம வாங்க. மறுபடி சொல்றேன், ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது எப்ப நின்னுதுன்னு குறிச்சு வைங்க. எந்த ஸ்கேனை விடவும் எனக்கு அதுதான் உதவும்.

ஆரா வர்றப்ப சொட்டு மருந்து விட்டா அடங்குமா?

அடங்காது.

கண்ணுல ஏதோ பிரச்சனை, நல்ல மாத்திரை ஒண்ணு சொல்லுங்க டாக்டர்.

வயசு இல்ல, எவ்வளவு நேரம் இருக்குன்னு இல்ல, வலி இருக்கா இல்லையான்னு இல்ல. இதை வச்சு நான் மாத்திரை சொன்னா அது வைத்தியமே இல்ல. முழுசா எழுதுங்க, பதில் சொல்றேன்.

வண்டி ஓட்டும்போது வந்துடுச்சு, மெதுவா வீடு வந்து சேந்துட்டேன். இப்படி ஓட்டலாமா? (கோவை)

கூடாதுங்க. எனக்கும் ஆரா வரும், முதல் தடவை பஸ் ஸ்டாப்ல நின்னுட்டு இருந்தேன், வர்ற பஸ் போர்டுல முதல் நம்பர் தெரியுது, பக்கத்துல இருக்கிற எழுத்து இல்ல. கறுப்பா கூட தெரியல, அந்த இடமே இல்லாத மாதிரி இருந்துச்சு. அந்த இடத்துல ஒரு குழந்தை ஓடி வந்தா உங்களுக்கு தெரியவே தெரியாது. ஓரமா நிறுத்தி தண்ணி குடிச்சுட்டு அரை மணி நேரம் உக்காருங்க.

வயசு 28. பிசிஓடிக்கு (சினைப்பை நீர்க்கட்டி) மாதவிலக்கு சீராக மாத்திரை சாப்பிடறேன், அதுக்கப்புறம் ஒளி அடிக்கடி வருது. நிறுத்தலாமா? (மதுரை)

மாத்திரை அட்டையை எடுத்துட்டு இந்த வாரமே உங்க லேடி டாக்டரை பாருங்க, பாத்ததும் "எனக்கு மைக்ரேன் ஆரா இருக்கு"ன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. பிசிஓடிக்கு நிறைய பேருக்கு தர்றது ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரைதான். ஆரா இருக்கிறவங்களுக்கு பக்கவாத ஆபத்து லேசா கூடுதல், அதோட ஈஸ்ட்ரோஜன் சேந்தா இன்னும் கூடும், சிகரெட்டும் சேந்தா ரொம்பவே கூடும். ஆரா உள்ளவங்களுக்கு கருத்தடைக்கு இந்த வகை வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ஈஸ்ட்ரோஜன் இல்லாத வழியும் இருக்கு. இதையெல்லாம் மருந்துக்கடையில பழைய சீட்டை காட்டி மாசாமாசம் வாங்காதீங்க.

சஷ்டி விரதம் இருக்கிற அன்னிக்கெல்லாம் கரெக்டா வருது. சாமி குத்தமான்னு மாமியார் கேக்கறாங்க.

குத்தம் ஒண்ணும் இல்லம்மா. வெறும் வயிறு, தண்ணி குறைச்சல், காலை காபி இல்ல, இந்த மூணும் மைக்ரேனை கிளப்பிவிடும். பால் பழம் எடுத்துக்கோங்க, தண்ணியை நிறுத்தாதீங்க, தூக்கத்தையும் கெடுத்துக்காதீங்க.

ஒளி ஆரம்பிச்ச உடனே சுமாட்ரிப்டான் (மைக்ரேன் வலிக்கான மாத்திரை) போடலாமா? வலி மாத்திரை மாசம் 20 நாள் போடறேன், பரவாயில்லையா?

சுமாட்ரிப்டான் ஒளி நேரத்துல வேண்டாம், வலி ஆரம்பிக்கும்போது. ரெண்டாவதுக்கு, பரவாயில்லைன்னு சொல்ல மாட்டேன். மாசம் பத்து பதினஞ்சு நாளுக்கு மேல போனா மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். நரம்பு டாக்டர்கிட்ட போய் மைக்ரேன் வராம தடுக்கற மருந்து கேளுங்க.

மைக்ரேனுக்கு டோபிராமேட் ஆரம்பிச்சு பத்து நாள். நேத்துல இருந்து ரெண்டு கண்ணும் தூரத்துல மங்கல், வலியும் இருக்கு.

இது ஆரா இல்ல. அந்த மருந்து சிலருக்கு கண் பிரஷரை திடீர்னு ஏத்திவிடும். உங்களுக்கு அன்னிக்கே போன் பண்ணி ஆஸ்பத்திரிக்கு போகச் சொல்லிட்டோம், மத்தவங்களுக்காக இங்க போடறேன்.

இதோட சேத்து சொல்லிடறேன். ஓரத்துல மின்னல் மாதிரி வெட்டி கறுப்புப் புள்ளி மழையா கொட்டறது, திரை இறங்கற மாதிரி மறைக்கறது, வாய் குழறுறது, கை கால் இழுக்கறது, இதுல எது வந்தாலும் எனக்கு எழுதிட்டு காத்திருக்காதீங்க, அப்பவே கிளம்புங்க.

பொண்ணு ஏழாவது படிக்கிறா. போர்டுல பாதி தெரியலன்னு சொல்றா, கொஞ்ச நேரத்துல தெரியுதுங்கிறா. டீச்சர் சாக்கு சொல்றான்னு நினைக்கறாங்க. (தஞ்சாவூர்)

நம்புங்க அவளை. போன மாசம் இதே வயசுல ஒரு பொண்ணு, திட்டு வாங்கி வாங்கி பேசவே மாட்டேன்னுட்டா, ரஃப் நோட்டையும் கலர் பென்சிலையும் குடுத்தேன். பிறை மாதிரி ஒரு வளைவு, ஓரம் பூரா ரம்பப் பல்லு, உள்ள ஒண்ணும் போடாம வெள்ளையாவே விட்டுட்டா. "இங்க என்ன"ன்னு கேட்டா, "இங்க ஒண்ணும் இல்ல டாக்டர்"ங்கிறா. அவங்க அம்மா அதை பாத்துட்டு, சின்ன வயசுல தனக்கும் இதே வந்துச்சுன்னு அப்பதான் முதல்முறையா சொன்னாங்க. மைக்ரேன் குடும்பத்துல ஓடும். உங்க பொண்ணையும் வரையச் சொல்லுங்க, வீட்டுல வேற யாருக்காவது வந்துச்சான்னு கேளுங்க, அந்த படத்தோட ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. டீச்சர்கிட்டயும் படத்தை காட்டுங்க.