ஐந்தாவது பெயரும் பெயர்தான்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் வெளிநாட்டு மருத்துவப் படிப்பைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஆராய்ச்சிக் கட்டுரையை விண்ணப்பத்தில் எப்படிக் காட்டுவது? எனவே சர்க்கரை, தைராய்டு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டாக்டர் மேடம், என் மகள் நியூஜெர்சியில் பிறந்தவள், பள்ளிப் படிப்பு முழுக்க இங்கே செம்பூரில். இப்போது அமெரிக்காவில் உயிர்வேதியியல் மூன்றாம் ஆண்டு. அங்கேயே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். அவள் லேபிலிருந்து வந்த ஒரு கட்டுரையில் எட்டுப் பேரில் ஐந்தாவதாக இவள் பெயர் இருக்கிறது. இன்னொரு கட்டுரையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஒரு கருத்தரங்கில் போஸ்டரும் வைத்திருக்கிறாள். எதைப் போடுவது, எதை விடுவது? ஐந்தாவது பெயரைப் போட்டால் சிரிப்பார்களோ என்று பயப்படுகிறாள்.
— ஒரு தாய், செம்பூர்

பதில்: சிரிக்க மாட்டார்கள் அம்மா. பட்டப்படிப்பு படிக்கும்போதே ஒரு கட்டுரையில் பெயர் வருவது நல்ல விஷயம். அங்கே சீட் கிடைத்துச் சேருகிற பிள்ளைகளில் நிறையப் பேர் லேபில் வேலை செய்தவர்கள்தான், ஆனால் கட்டுரை எல்லோர் கையிலும் இருக்காது. ஐந்தாவது பெயரை முதல் பெயர் மாதிரிக் காட்டப் போனால்தான் வம்பு.

அங்கே எம்.டி. படிப்புக்கு (நம் எம்.பி.பி.எஸ். மாதிரி அங்கே அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) பெரும்பாலான கல்லூரிகளுக்கும் சேர்த்து ஆம்காஸ் என்று ஒரே பொது விண்ணப்பம், டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளுக்கு மட்டும் தனி. ஆம்காஸில் 'வேலைகளும் ஈடுபாடுகளும்' பகுதியில் மொத்தமே 15 பதிவுகள்தான். ஒவ்வொன்றுக்கும் இடைவெளியையும் சேர்த்து 700 எழுத்து. அதில் மூன்றை மட்டும் 'எனக்கு மிக முக்கியமானவை' என்று குறித்து, கூடுதலாக 1,325 எழுத்து எழுதலாம். லேப் வேலைக்கு ஒரு வகை, வெளிவந்த கட்டுரைக்கு ஒன்று, போஸ்டருக்கு ஒன்று என்று அவர்களே பிரித்து வைத்திருக்கிறார்கள். இடம் இருந்தால் மூன்றையும் தனித்தனியாகப் போடட்டும். 15-ம் நிரம்பிவிட்டதென்றால் கட்டுரையையும் போஸ்டரையும் லேப் பதிவுக்குள்ளேயே அடக்கிவிடலாம், அதில் குறை ஒன்றும் இல்லை. எப்படிப் போட்டாலும் ஒரே வேலையின் மணிக்கணக்கை இரண்டு இடத்தில் ஏற்றக் கூடாது.

எட்டுப் பேர் பெயரையும் கட்டுரையில் இருக்கும் அதே வரிசையில் எழுதச் சொல்லுங்கள். தன் பெயரை மெல்ல முன்னால் நகர்த்துவது, நடுவில் நாலு பேரை விழுங்கிவிட்டு 'முதலானோர்' போடுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். பப்மெட் என்ற இணைய மருத்துவக் கட்டுரைப் பட்டியலில் தேடினால் அரை நிமிஷத்தில் வரிசை தெரிந்துவிடும். இருபது முப்பது பேர் எழுதிய கட்டுரை என்றால் மட்டும் முதல் மூன்று பேரைப் போட்டு, 'மற்றும் பலர்' என்று சொல்லி, '28 பேரில் 14-வது' என்று வெளிப்படையாக எழுதலாம். அந்தப் பெட்டியில் தடித்த எழுத்து, சாய்வெழுத்து எதுவும் நிற்காது, வேர்டிலிருந்து ஒட்டினால் எல்லாம் உதிர்ந்து வெறும் எழுத்துதான் மிஞ்சும். தன் பெயரை மட்டும் கேபிடல் எழுத்தில் அடித்தால் படிப்பவர் கண்ணில் சட்டென்று படும்.

கட்டுரையின் தலைப்பு, பெயர்கள், இதழ், ஆண்டு எல்லாம் போட்டாலே 700-ல் பாதி போய்விடும். மிச்சத்தில் அவள் என்ன செய்தாள் என்று சொல்ல வேண்டும். 'இந்த ஆய்வில் முக்கியப் பங்காற்றினேன்' என்று எழுதுகிறார்கள் பாருங்கள், அதைப் படித்து யாருக்கும் எதுவும் புரியப் போவதில்லை. அதற்குப் பதிலாக, 'செப்ரா மீன் கருக்களுக்குச் சாயமேற்றிப் படமெடுத்து, செல்களை எண்ணினேன். கட்டுரையின் மூன்றாவது படத்தில் இருப்பவை அந்த எண்கள்' என்று இருந்தால் நேர்முகத்தில் கேட்பவருக்கும் ஒரு பிடி கிடைக்கும், பதில் சொல்ல உங்கள் பெண்ணுக்கும் தடுமாற்றம் இருக்காது. மற்ற நாலு படங்கள் என்ன சொல்கின்றன என்பதையும் அவள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நான் செல் மட்டும்தான் எண்ணினேன், முடிவு பற்றிப் பேராசிரியரைத்தான் கேட்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது.

அப்புறம், அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் கட்டுரை. அது வெளியீடு இல்லை. லேப் பதிவின் கடைசியில் 'இதே வேலையிலிருந்து இன்னொரு கட்டுரை பரிசீலனைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று ஒரு வரி போதும். எந்த இதழுக்கு அனுப்பினோம் என்று போட வேண்டாம். பெரிய இதழுக்கு அனுப்ப ஒரு இமெயில் இருந்தால் போதும், அதில் பெருமை என்ன இருக்கிறது? 'எழுதிக்கொண்டிருக்கிறோம்' என்பதை விட்டுவிடலாம். இதழ் ஏற்றுக்கொண்டு அச்சுக்குக் காத்திருக்கிறதென்றால் கதை வேறு, 'ஏற்கப்பட்டது, வெளிவர இருக்கிறது' என்று கட்டுரை வகையிலேயே போடலாம். 2013-ல் வந்த பயோஆர்கைவ், 2019-ல் வந்த மெட்ஆர்கைவ் மாதிரி இணையதளங்களில், இதழ் பரிசீலித்து ஏற்பதற்கு முன்பே பிரீபிரிண்டாக ஏற்றியிருந்தால் அதையும் காட்டலாம், பிரீபிரிண்ட் என்ற சொல் கூடவே இருக்க வேண்டும்.

பதிவுகளில் விசாரிப்பதற்கு ஒருவர் பெயரும் தொடர்பும் கேட்பார்கள். அங்கே லேப் பேராசிரியர் பெயர்தான் வரும், அநேகமாகப் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறவரும் அவர்தான். எழுதியதை அவரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். இவள் ஒன்று எழுதி அவர் வேறு எழுதினால் அடி விழுவது இவளுக்குத்தான். ஆராய்ச்சியில் ரொம்பப் பிடிப்பு இருந்து எம்.டி.-பிஎச்.டி. சேர்த்துப் போடுவதாக இருந்தால், ஆராய்ச்சி அனுபவம் பற்றி மட்டும் 10,000 எழுத்து வரை தனியாக ஒரு கட்டுரை கேட்பார்கள். அங்கே தாராளமாக விரித்து எழுதட்டும்.

கேள்வி: பேரன் பதினொன்றாம் வகுப்பு. இப்போதே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டால் எய்ம்ஸில் முன்னுரிமை உண்டு, நாங்களே போட்டுத் தருகிறோம் என்று ஓர் இடத்தில் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். கட்டலாமா?
— ஒரு தாத்தா, மாதுங்கா

பதில்: கட்டாதீர்கள் ஐயா. 2020-லிருந்து எய்ம்ஸ், ஜிப்மர் எல்லாமே நீட் வழிதான். ரேங்க், இடஒதுக்கீட்டுப் பிரிவு, கவுன்சலிங்கில் கொடுக்கும் கல்லூரி வரிசை, அவ்வளவுதான் கணக்கு. கட்டுரையை எழுத அங்கே கட்டமே கிடையாது. பையனுக்கு நிஜமாகவே ஆராய்ச்சியில் ஆசை என்றால், எம்.பி.பி.எஸ். சேர்ந்த பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) எஸ்.டி.எஸ். திட்டம் இருக்கிறது, இரண்டு மாதம் ஆய்வு செய்ய மாணவர்களுக்கு அவர்களே உதவித்தொகை தருகிறார்கள்.

கேள்வி: சயானில் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன் மேடம். அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு, அதாவது படிப்பு முடிந்தபின் ஆஸ்பத்திரியில் எடுக்கும் மேல்பயிற்சிக்கு, போக ஆசை. அங்கே சேர்ந்தவர்களிடம் பத்துக்கு மேல் பேப்பர் இருக்கிறதாம், என்னிடம் ஒன்றுகூட இல்லை. ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் எட்டாயிரம் கட்டினால் பதினைந்தே நாளில் ஆசிரியர் பட்டியலில் இடம், பப்மெட்டில் வரும் என்கிறார்கள். இன்னொரு பக்கம் எங்கள் சார் தன் கேஸ் ரிப்போர்ட்டில் என் பெயரைச் சேர்க்கிறேன் என்கிறார், அந்த நோயாளியை நான் பார்த்ததுகூட இல்லை. என்ன செய்ய?
— பெயர் வேண்டாம், சயான்

பதில்: முதலில் அந்தப் 'பத்துக்கு மேல்' கணக்கைப் பார்ப்போம் தம்பி. ரெசிடென்சி இடங்களுக்கு ஆட்களைப் பொருத்திக் கொடுக்கும் 'மேட்ச்' நடத்தும் என்.ஆர்.எம்.பி. அமைப்பு வெளியிடும் அறிக்கையில் கருத்தரங்கச் சுருக்கம், போஸ்டர், மேடைப் பேச்சு, கட்டுரை எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாகத்தான் தருகிறார்கள். ஒரே வேலையைச் சுருக்கமாக அனுப்பி, போஸ்டராக வைத்து, பிறகு கட்டுரையாகப் போட்டால் மூன்று. அதைப் பத்துப் பேப்பர் என்று படித்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 2022 ஜனவரி 26 முதல் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1-ல் மதிப்பெண் போய், பாஸ் அல்லது ஃபெயில் என்று மட்டும் ஆனதிலிருந்து எல்லோரும் பேப்பர் பின்னால் ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்தில்தான் இந்த வாட்ஸ்அப் கடைகளும் திறந்தன.

எட்டாயிரத்தைக் கட்டாதே. நல்ல இதழ்களும் காசு வாங்குவதுண்டு, ஆனால் கட்டுரையை ஏற்றுக்கொண்ட பிறகு பதிப்புச் செலவுக்காகக் கேட்பார்கள், ஆசிரியர் பட்டியலில் மூன்றாவது இடம் என்ன விலை என்று பேரம் பேச மாட்டார்கள். 2013-ல் சயின்ஸ் இதழுக்காக ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர் வேண்டுமென்றே ஓட்டை உடைசலாக ஒரு போலிப் புற்றுநோய் மருந்துக் கட்டுரையைத் தயாரித்து 304 இதழ்களுக்கு அனுப்பினார், 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. ஹைதராபாத்தில் இருந்த ஓமிக்ஸ் என்ற பதிப்பகத்தின் மேல் ஆய்வாளர்களை ஏமாற்றுவதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2016-ல் வழக்குப் போட்டு, 2019-ல் அங்கே நீதிமன்றம் ஐந்து கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. நம் நாட்டிலிருந்து வரும் பட்டியலை அங்கே இருப்பவர்கள் ஏன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கிறார்கள் என்று இப்போது புரியும்.

'பப்மெட்டில் வரும்' என்று சொன்னால் நம்பாதே, நீயே அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் கேட்டலாகில் இதழின் பெயரைப் போட்டுப் பார். பப்மெட்டுக்குள் தேர்ந்தெடுத்த இதழ்களின் பட்டியலான மெட்லைனில் இப்போது இருக்கிறதா, இருந்து நீக்கப்பட்டதா என்று அங்கேயே எழுதியிருக்கும். கூகுள் ஸ்காலரில் வருவது ஒரு தகுதியே இல்லை, அது இணையத்தில் இருப்பதைத் தானாக வாரிக்கொள்கிறது.

சார் விஷயம் இதைவிடச் சங்கடம், ஏனென்றால் அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, ஐ.சி.எம்.ஜே.இ., ஆசிரியர் என்று பெயர் போட நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது. ஆய்வின் வடிவமைப்பிலோ தரவைத் திரட்டி அலசுவதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். எழுதவோ பொருள் அறிந்து திருத்தவோ வேண்டும். இறுதி வடிவத்துக்குச் சம்மதம் தர வேண்டும். நாளை ஒரு கேள்வி வந்தால் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும், ஒன்றிரண்டு போதாது. துறைத் தலைவர் என்பதற்காகப் பெயர் சேர்ப்பதும் இதில் அடிபட்டுப் போகிறது, அதை நம் கல்லூரிகளில் சத்தமாகச் சொன்னால் என்ன ஆகும் என்பது வேறு.

சாரிடம் நேருக்கு நேர் மாட்டேன் என்று சொல்லத் தேவையில்லை. 'சார், இதே மாதிரி கேஸ் முன்னால் எத்தனை வந்திருக்கிறது என்று நான் தேடி டேபிள் போட்டுத் தரட்டுமா, டிஸ்கஷனை நான் எழுதிப் பார்க்கட்டுமா' என்று கேள். கேஸ் பேப்பரை வாங்கி முழுக்கப் படி, நோயாளி எழுதிக் கொடுத்த சம்மதம் ஃபைலில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். அந்த வேலையை ஒழுங்காகச் செய்தால் பெயர் வருவதில் தப்பில்லை, பட்டியலில் தைரியமாகப் போடலாம். ரெசிடென்சிக்கான ஈராஸ் என்ற பொது விண்ணப்பத்தில் வெளிவந்த கட்டுரைக்கு ஓரிடம், வெளிவராததற்கு வேறிடம், அதிலும் அனுப்பியதா ஏற்கப்பட்டதா என்று நிலையைக் குறிக்க வேண்டும். கேஸ் ரிப்போர்ட்டை ஆய்வுக் கட்டுரை மாதிரி விவரிக்காதே. அனுப்புவதற்கு இடமா இல்லை? உனக்கு மூன்று ஸ்டேஷன் தள்ளி, பரேல் கே.இ.எம். வளாகத்தைச் சேர்ந்த ஜர்னல் ஆஃப் போஸ்ட்கிராஜுவேட் மெடிசின் 1955-லிருந்து வந்துகொண்டிருக்கிறது, பப்மெட்டிலும் இருக்கிறது. எளிதில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், ஆனால் திருப்பி அனுப்பினாலும் ஏன் என்று எழுதும் விமர்சகர் கிடைத்தால் அதுவே ஒரு படிப்பு.

கேள்வி: எங்கள் பெண்ணுக்குப் பள்ளிச் சான்றிதழில் இங்குள்ள வழக்கப்படி அப்பா பெயரே சர்நேம். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. முதல் கட்டுரையில் இனிஷியலோடு போட்டிருக்கிறாள். மூன்றும் ஒரே ஆள்தான் என்று எப்படி நம்ப வைப்பது?
— ஒரு தகப்பனார், டோம்பிவிலி

பதில்: மும்பைத் தமிழர் வீட்டில் இது இல்லாத வீடு எது? உதாரணத்துக்கு கார்த்திகா என்று வைத்துக்கொள்வோம். எஸ். கார்த்திகா என்று போட்டால் பப்மெட்டில் 'கார்த்திகா எஸ்' என்று ஏறும், கார்த்திகா சுப்ரமணியன் என்று போட்டால் 'சுப்ரமணியன் கே' என்று ஏறும், பார்ப்பவருக்கு இரண்டு பேர். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று வேறு விழும், முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. முடிந்தால் விண்ணப்பத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டைச் சரிசெய்துவிடுங்கள். வெளிவந்த கட்டுரையின் பெயரை விண்ணப்பத்தில் மாற்றி எழுத வேண்டாம், அச்சில் இருப்பதை அப்படியே போட்டு 'எஸ். கார்த்திகா என்ற பெயரில் வெளியானது' என்று அரை வரி சேர்த்தால் போதும். ஆர்க்கிட் என்று 16 இலக்க எண் ஒன்று இலவசமாகத் தருகிறார்கள், அதில் வேறு பெயர்களையும் குறித்து வைக்கலாம். அடுத்த கட்டுரையிலிருந்து ஒரே பெயர், கல்யாணமே ஆனாலும் ஒரே பெயர் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளட்டும்.

கேள்வி: மகன் ஆம்காஸை அனுப்பிய மறு வாரமே கட்டுரை ஏற்கப்பட்டதாக இமெயில் வந்துவிட்டது. திருத்த முடியவில்லை. வீணா?
— முலுண்ட் வாசகர்

பதில்: அனுப்பிய பிறகு அந்தப் பகுதி பூட்டியதுதான், யார் கேட்டாலும் திறக்காது. ஆனால் சில கல்லூரிகள் இரண்டாம் கட்ட விண்ணப்பத்திலேயே புதிய செய்தி உண்டா என்று கேட்கும், சில பிறகு அனுப்பும் கடிதத்தை ஏற்கும், சில எதையும் அனுப்பாதே என்று தளத்திலேயே எழுதியிருக்கும், அப்படிச் சொன்னவர்களுக்கு அனுப்பவே கூடாது. மற்றவர்களுக்கு மூன்று வரி: கட்டுரையின் தலைப்பு, இதழ், ஏற்கப்பட்ட தேதி. வெளிவந்ததும் கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளமான டி.ஓ.ஐ. எண் கிடைக்கும், நேர்முகம் அதற்குப் பிறகு வந்தால் அங்கே சொல்லிக்கொள்ளலாம்.