ஒப்ராக் மேட்டிலிருந்து கோன்க் வரை: அறுபதை ஒட்டிய இருவருக்கு ஒரு நடைவழி

கேள்வி: வரும் மே மாதம் லியோனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். பாரிஸ் ஏற்கெனவே பார்த்தாயிற்று. இந்த முறை கிராமப்புறத்தில் பழைய தேவாலயம், கோட்டை, கல்பாலம் எல்லாம் பார்க்க ஆசை. எனக்கு 58, கணவருக்கு 63. தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறோம். பிரெஞ்சு தெரியாது. இருவரும் சைவம். கார் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவதா, நடப்பதா? நடந்தால் எந்த வழி, நாளுக்கு எவ்வளவு தூரம்?
– வாசகி, கோவை

பதில்:

நடந்தே பாருங்கள் அம்மா. தினமும் ஒரு மணி நேரம் நடப்பவர்களுக்கு இது எட்டாத காரியமில்லை. காரில் போனால் பத்து ஊர் பார்க்கலாம்தான். ஆனால் அந்த ஊர்களின் பாலமும் சத்திரமும் கோவிலும் நடந்து வருகிறவனை மனத்தில் வைத்துக் கட்டியவை. அவை ஏன் அந்த இடத்தில் இருக்கின்றன என்பது நடந்து வந்தால்தான் புரியும்.

உங்களுக்கு நான் சொல்வது ஜி.ஆர். 65 என்ற நெடுவழியில் ஒரு துண்டு. தென்-மத்திய பிரான்ஸின் லெ புய் நகரில் தொடங்கி ஸ்பெயின் எல்லை நோக்கி 700 கிலோமீட்டருக்கு மேல் போகும் பாதை அது; ஸ்பெயினின் சந்தியாகோ நகரில் உள்ள புனித யாக்கோபின் கல்லறைக்குப் போகும் யாத்திரிகர்கள் இடைக்காலத்திலிருந்து நடந்த வழி. முழுவதும் வேண்டாம். நாஸ்பினால் என்ற சிற்றூரில் தொடங்கி கோன்க் வரை, ஏறக்குறைய 85 கிலோமீட்டர் போதும். யுனெஸ்கோ 1998இல் இந்த யாத்திரை வழிகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது கட்டடங்களோடு பாதையின் ஏழு துண்டுகளையும் சேர்த்தது. அவற்றில் இரண்டு உங்கள் வழியிலேயே வருகின்றன.

முதல் நாள் நாஸ்பினாலிலிருந்து சேன்-ஷெலி வரை 17 கிலோமீட்டர். இந்த நாளை அவசரப்படுத்தாதீர்கள். ஒப்ராக் மேடு மரமே இல்லாத புல்வெளி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கல் வேலிகள், மை தீட்டியது போலக் கண்ணைச் சுற்றிக் கறுத்த மாநிறப் பசுக்கள். 1,300 மீட்டர் உயரத்தில் ஒப்ராக் ஊர். 12ஆம் நூற்றாண்டில் ஃபிளாண்டர்ஸ் நாட்டுப் பிரபு அதலார் இங்கே யாத்திரிகர்களுக்கு ஒரு சத்திரம் கட்டினார். பனியும் மூடுபனியும் இறங்கும்போது வழி தவறியவர்களுக்காக அதன் மணியை விடாமல் அடிப்பார்களாம். ‘தொலைந்தோர் மணி’ என்றே அதற்குப் பெயர். மே மாதத்திலும் அங்கே மூடுபனி இறங்கும், சில ஆண்டு பனிகூட விழும். திசை தெரியாத அந்த வெள்ளைக்குள் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் அந்த மணி எதற்கென்று தானே விளங்கிவிடும். கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் கட்டாயம்.

ஒப்ராக்கிலிருந்து சேன்-ஷெலிக்கு ஒரேயடியாக 500 மீட்டர் இறக்கம். மூச்சுக்குச் சிரமமில்லை, முழங்காலுக்குத்தான். ஆளுக்கு இரண்டு கைத்தடி வாங்கிக்கொள்ளுங்கள். கோவையிலேயே இரண்டு மாதம் முன்பிருந்து மாடிப்படி இறங்கிப் பழகுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் இங்கே பயிற்சி. புது ஷூவோடு மட்டும் போகாதீர்கள்.

மறுநாள் சேன்-கோம் வரை 16 கிலோமீட்டர். முறுக்கிப் பிழிந்த துணி போலத் திருகிய கோபுரம் உள்ள ஊர். மூன்றாம் நாள் லோத் ஆற்றை ஒட்டி எஸ்தேன் வரை 17. இடையில் எஸ்பாலியோனின் பழைய பாலம் வரும். அந்த ஊருக்குள் நுழையும் முன்பே பெர்ஸ் என்ற சிறு தேவாலயம், முழுக்கச் செம்மணற்கல். பலர் சாப்பாட்டு நினைப்பில் தாண்டிப் போய்விடுகிறார்கள்; நீங்கள் நின்று பாருங்கள். நான்காம் நாள் கோலின்யாக், 14 கிலோமீட்டர், ஏற்றம். அங்கிருந்து கோன்க் 21. உங்கள் இருவருக்கும் அது அதிகம் என்பது என் கருத்து. நடுவில் செனெர்க்கில் ஒரு இரவு தங்கிவிட்டால் மொத்தம் ஆறு நாளாகும்; ஆனால் கடைசி நாள் ஒன்பது கிலோமீட்டர்தான். மதியத்துக்குள் கோன்க் போய்விடலாம்.

அப்படிப் போவதில் ஒரு லாபமும் உண்டு. கோன்க் தேவாலயத்தின் வாசல் மேற்குப் பார்த்தது, மாலை வெயில் நேரே அதன் மேல் விழும். வாசலுக்கு மேலே 12ஆம் நூற்றாண்டின் இறுதித் தீர்ப்புச் சிற்பம், 124 உருவங்கள். நாம் பார்க்கும்போது இடப்பக்கம் சொர்க்கம், வலப்பக்கம் நரகம். பணப்பையைக் கழுத்தில் மாட்டித் தொங்கும் கஞ்சன், குதிரையிலிருந்து தலைகுப்புற விழும் கர்வி என்று ஒவ்வொருவராகத் தேடிக் கண்டுபிடியுங்கள். வெளி வளைவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் குட்டி முகங்களைத் தவறவிடாதீர்கள். உள்ளே இருக்கும், சிறு வயதிலேயே மதத்துக்காக உயிர்விட்ட பெண் புனித ஃபோயின் எலும்புகள் 9ஆம் நூற்றாண்டில் ஆஜான் நகரிலிருந்து கோன்க் துறவி ஒருவர் திருடி வந்தவை. அவற்றைத் தேடி வந்த யாத்திரிகர்களால்தான் இந்த மலையிடுக்கில் இவ்வளவு பெரிய கோவில் எழுந்தது. பின்னாளில் இடிந்துகொண்டிருந்த கட்டடத்தை 1837இல் வந்து பார்த்துக் காப்பாற்றியவர் புராதனச் சின்னங்களின் ஆய்வாளர் ப்ரோஸ்பேர் மெரிமே. 1994இல் ஓவியர் பியேர் சூலாஜ் வண்ணமே இல்லாத கண்ணாடிகளை அதன் சன்னல்களுக்குப் பொருத்தினார். இங்கே இரண்டு இரவு தங்குங்கள்.

வழி தவறும் பயம் வேண்டாம். மரத்திலும் கல்லிலும் வெள்ளை, சிவப்பு என்று இரண்டு பட்டைகள் இருந்தால் சரியான பாதை. அதே நிறங்களில் பெருக்கல் குறி இருந்தால் அது உங்கள் வழியில்லை, திரும்புங்கள். மஞ்சள் பட்டை உள்ளூர்ச் சுற்றுப்பாதை. மாட்டு வேலிக் கதவைத் திறந்தால் கட்டாயம் மூட வேண்டும். பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே புகுந்து போகக் கூடாது. மே மாதம் உண்ணி உண்டு. கடித்து ஒட்டியிருக்கிறதா என்று மாலையில் கால்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்க ‘ஜீத்’ என்ற நடைப்பயணிகள் விடுதிகள் எல்லா ஊரிலும் உண்டு. ‘தெமி-பான்சியோன்’ என்று கேட்டால் இரவு உணவு, படுக்கை, காலை உணவு மூன்றும் சேர்த்துத் தருவார்கள். மே 1, மே 8 விடுமுறைகளை ஒட்டி இடம் கிடைப்பது சிரமம். மாதத்தின் பின்பாதியில் போங்கள். அதற்கும் இப்போதே பதிவு செய்துவிடுங்கள், விசாவுக்கும் அந்தப் பதிவு உதவும். பெட்டியை விடுதிக்கு விடுதி வண்டியில் கொண்டுபோய் வைக்கும் சேவை இந்த வழியில் உண்டு. தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், முதுகில் தண்ணீர், மழைக்கோட்டு, கொஞ்சம் பழம் போதும்.

சைவச் சாப்பாட்டைப் பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். போய்ச் சொன்னால் பட்டினிதான். சொல்ல வேண்டிய வாக்கியம்: ‘ழ ந மான்ஜ் நி வியான்ட் நி புவாசோன்’, அதாவது நான் இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை. இந்தப் பக்கத்து உணவு ‘அலிகோ’: உருளைக்கிழங்கு மசியலில் புதுப் பாலாடைக்கட்டியைக் கலந்து நூல் நூலாக இழுபடும்வரை கிண்டுவது. ஒரு விஷயம்: இங்கத்துப் பாலாடைக்கட்டிக்குப் பாலைத் திரிப்பது பெரும்பாலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால். அது ஆகாதென்றால் லெ புய் பச்சைப் பருப்பைக் கேளுங்கள். அங்கே பேர்போனது, நமக்கும் ஒத்துப்போகும். கிராமக் கடைகள் மதியம் மூடிவிடும். ஞாயிறு, திங்களில் பல திறப்பதேயில்லை. பையில் எப்போதும் ஒரு வேளைக்கு இருக்கட்டும்.

போக்குவரத்துக்கு வருவோம். மகளால் நாஸ்பினாலில் கொண்டுவிட முடிந்தால் அதுதான் எளிது. இல்லையென்றால் ரயில் நிலையம் உள்ள ஓமோன்-ஒப்ராக்கில் இறங்கி அங்கிருந்து டாக்சி. ரயில் குறைவு, நேரத்தை முன்பே பார்த்துவிடுங்கள். கோன்க்கில் ரயில் இல்லை. டாக்சிக்கு முதல் நாளே சொல்லி வைத்து ரோதேஸ் போய்விட்டால் அங்கிருந்து ரயில் உண்டு. கையில் அரை நாள் மிஞ்சினால் அதே ஊரில் சூலாஜ் அருங்காட்சியகம் இருக்கிறது. கோன்க் கண்ணாடிகளுக்கு அவர் செய்த தயாரிப்புகளை அங்கே பார்க்கலாம்.