கேமின் விதியை யார் எழுதினார்கள்?

வணக்கம் ஐயா,

எட்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்துகிறேன். இந்த ஆண்டு பாடத்தோடு வீடியோ கேம்களையும் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். 'வீட்டில்தான் அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், இங்கேயுமா?' என்று சக ஆசிரியர்கள் பலர் கேட்கிறார்கள். வினாடி வினா கேம் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். ஒரே ஆரவாரம். மறுநாள் கேட்டால் யார் எவ்வளவு ஸ்கோர் எடுத்தார்கள் என்பது மட்டும்தான் அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. ஆடிப் பழகிய நாலைந்து பேர் சீக்கிரம் முடித்துவிட, மற்றவர்கள் ஒதுங்கி உட்கார்ந்துவிட்டார்கள். கேமை வைத்து உண்மையிலேயே எதையாவது கற்றுக்கொடுக்க முடியுமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சருக்கு,

முடியும். ஆனால் நீங்கள் ஓட்டிய கேமை வைத்து முடியாது. வரலாற்றுக் கேள்விகளை எடுத்துவிட்டு கணக்கைப் போட்டாலும் அது அப்படியே ஓடும். பாடத்துக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. மனப்பாடத்தைச் சோதிக்க வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

பாடமே விதியாக மாறியிருக்கும் கேம்கள் உண்டு. 1971 டிசம்பரில் அமெரிக்காவின் மினியாபொலிஸில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர், தன் எட்டாம் வகுப்பு வரலாற்று மாணவர்களுக்காக இரண்டு நண்பர்களோடு சேர்ந்து 'ஒரெகான் டிரெயில்' கேமை உருவாக்கினார். திரையே கிடையாது. எல்லாம் டெலிபிரின்டர் தாளில் அச்சாகி வரும். 19ஆம் நூற்றாண்டில் வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போன குடியேறிகளில் ஒருவராக மாணவர் ஆட வேண்டும். கையிலிருக்கும் பணத்தை மாடு, உணவு, துணி, தோட்டா என்று பிரித்துச் செலவழிக்க வேண்டும். 'பயணம் கடினமாக இருந்தது' என்று புத்தகத்தில் படிக்கிற பிள்ளைக்கு அது ஒரு வரி. துணியில் காசு மிச்சம் பிடித்துவிட்டு வழியில் குளிரில் மாட்டிக்கொள்கிற பிள்ளைக்கு அது தானே எடுத்த முடிவின் பலன். பிற்பாடு ராவிட்ச் அந்தக் காலத்துப் பயணிகளின் நாட்குறிப்புகளைப் படித்து, எந்த ஆபத்து எவ்வளவு அடிக்கடி வந்தது என்று பார்த்துக் கேமைத் திருத்தவும் செய்தார். ஓர் ஆசிரியர் இதைவிட அக்கறையாக என்ன செய்துவிட முடியும்?

அப்படிப்பட்ட கேமிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. நாட்குறிப்பு எழுதியவர்கள் குடியேறிகள். அந்த நிலத்தில் காலங்காலமாக வாழ்ந்த பூர்வகுடிகளுக்கு அந்த வண்டிகள் எப்படித் தெரிந்தன? இதைப் பலரும் விமர்சித்து வந்தார்கள். 2021இல் வந்த புதிய பதிப்புக்குப் பூர்வகுடி வரலாற்றாய்வாளர்களையே ஆலோசகர்களாக அழைத்தார்கள்.

உங்கள் வேலை இங்கேதான் இருக்கிறது. உலகம் எப்படி இயங்குகிறது என்று யாரோ ஒருவர் நினைத்தது கேமில் விதியாக உட்கார்ந்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் ஒரு கருத்து பிடிக்காவிட்டால் கைதூக்கிக் கேட்கலாம். கேமில் ஜெயிக்க வேண்டுமானால் அதன் விதிக்கு ஒத்துப்போயே ஆக வேண்டும். ஆடி ஆடி அதுவே உண்மை என்று மனதில் பதிந்துவிடும். நகரத்தை நிர்வகிக்கும் 'சிம்சிட்டி'யை ஆடிய பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தான் தெரிந்துகொண்ட விதிகளில் ஒன்றாக, வரியை உயர்த்தினால் கட்டாயம் கலவரம் வரும் என்று சொன்னதை ஆய்வாளர் ஷெர்ரி டர்க்கிள் 1990களில் பதிவு செய்திருக்கிறார். அது அந்த புரோகிராமின் விதி என்பது அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கு இருக்கிற பெரிய பயமும் இதுதான். இதைச் சரிசெய்ய ஆசிரியரால் மட்டுமே முடியும்.

அதனால் ஒரு பீரியட் ஆடவிட்டால், அடுத்த பீரியட் முழுக்கப் பேசவிடுங்கள். ஏன் தோற்றாய், வேறு என்ன செய்திருக்கலாம் என்று தொடங்கி, இந்தக் கேமில் என்ன இல்லை என்ற கேள்விக்கு வாருங்கள். 2013இல் வந்த சிம்சிட்டியின் தலைமை வடிவமைப்பாளர் ஒரு பேட்டியில், நிஜத்தில் இருக்கிற அளவுக்கு வாகன நிறுத்துமிடங்களைக் காட்டினால் கேம் நன்றாக இருக்காது என்பதால் குறைத்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். இது ஒன்று போதும், ஒரு மணி நேரம் பேச. கேமுக்காக எதை மறைத்தார்கள், நிஜ நகரத்தில் அந்த இடத்தையெல்லாம் யார் இழக்கிறார்கள் என்று பிள்ளைகளே கிளம்பிவிடுவார்கள். உங்கள் சக ஆசிரியர்களை இந்தப் பீரியடுக்குக் கூப்பிடுங்கள்.

அப்புறம், அந்த நாலைந்து பேர். ஒரு கம்ப்யூட்டருக்கு இருவர் என்று உட்காரவையுங்கள். கீபோர்ட் ஆடத் தெரியாதவர் கையில் இருக்கட்டும். தெரிந்தவர் வாயால் மட்டும் சொல்ல வேண்டும், தொடக்கூடாது. விரல் தானாகச் செய்ததைச் சொல்லில் கொண்டுவர அவர்கள் திணறுவார்கள். திணறட்டும், அவர்களுக்கான பாடம் அதில்தான் இருக்கிறது.

எந்தக் கேமாக இருந்தாலும் வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் நீங்கள் முழுதாக ஆடிவிடுங்கள். எங்கே நிறுத்திக் கேள்வி கேட்பது என்பது அப்போதுதான் பிடிபடும். அந்த இடங்களைக் குறித்து எனக்கும் அனுப்புங்கள், மற்ற ஆசிரியர்களுக்குப் பயன்படும்படி இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.