மூட்டுவலிக்கு எந்தப் பத்தியம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். காங்கயத்தை அடுத்த ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். வயது 56, எடை 78 கிலோ. ஆறு ஆண்டுகளாக இரண்டு முழங்கால்களிலும் வலி. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் மூட்டுத் தேய்மானம் என்றும் எடையைக் குறைக்க வேண்டும் என்றும் சொன்னார். உறவினர்கள் சொன்னபடி பருப்பு, கத்தரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு அனைத்தையும் வாய்வு என்று நிறுத்திவிட்டேன். காலையில் முடவாட்டுக்கால் சூப், இரவில் மஞ்சள் பால். அரிசிச் சோற்றுக்குப் பதிலாகக் களியும் கம்மஞ்சோறும். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரை. வலியும் குறையவில்லை, எடையும் குறையவில்லை. கால் கட்டைவிரல் வீங்கி, யூரிக் அமிலம் என்று சொல்லப்பட்ட என் அண்ணனும் இதே பத்தியம்தான் இருக்கிறார். உணவால் மூட்டுவலியைக் குறைக்க முடியுமா, முடியாதா?

வாசகி, காங்கயம்

அன்புள்ள அம்மா,

முடியும். ஆனால் உங்கள் முழங்காலுக்கும் அண்ணனின் கட்டைவிரலுக்கும் ஒரே பத்தியம் என்ற இடத்தில்தான் கணக்குப் பிசகுகிறது. உங்களுக்கு வந்திருப்பது மூட்டின் குருத்தெலும்பு தேய்வதால் வரும் வலி. அவருக்கு வந்திருப்பது இரத்தத்தில் மிகுந்துபோன யூரிக் அமிலம் மூட்டுக்குள் படிகங்களாகத் தங்குவதால் வரும் வலி. உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தாக்கும் முடக்குவாதம் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அதற்கு மருந்துதான் முதன்மை, உணவு துணைக்கு மட்டுமே.

தேய்மானத்தில் உணவு செய்யக்கூடிய பெரிய உதவி எடையைக் குறைப்பதுதான். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அளந்து சொன்னது. 2013-இல் வெளியான இன்னோர் ஆய்வில், கூடுதல் எடையும் முழங்கால் தேய்மானமும் உள்ள 454 பேரை 18 மாதங்கள் கவனித்தார்கள். உணவைக் குறைத்து உடற்பயிற்சியும் செய்தவர்கள் சராசரியாகப் பத்துக் கிலோவுக்குச் சற்று மேல் இளைத்தார்கள், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட அவர்களுக்கு வலியும் குறைவாக இருந்தது. தேய்ந்தது திரும்ப வளர்ந்துவிடும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனாலும் 78 கிலோவிலிருந்து 70-க்கு இறங்கினாலே மாடிப்படி ஏறும்போது உங்களுக்கு வித்தியாசம் தெரிய வாய்ப்புண்டு.

இத்தனை பத்தியம் இருந்தும் எடை அசையாததற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அரிசி, கம்பு, ராகி ஆகிய மூன்றுமே சமைக்காத நூறு கிராமுக்கு 320-லிருந்து 360 கலோரி வரை தருபவை. சிறுதானியத்தில் நார்ச்சத்து அதிகம், பசி தாங்கும் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் இரண்டு கரண்டிச் சோறு இருந்த வட்டிலில் இரண்டு கை கொள்ளாத களியுருண்டையை வைத்து, நடுவில் குழி பறித்து, குழி நிறையக் குழம்பை ஊற்றி உண்டால் கணக்கு முன்பு இருந்த இடத்திலேயே நிற்கும். ராகியின் கால்சியம் எலும்புக்கு நல்லது, குருத்தெலும்பை அது ஒட்டவைக்காது. கவுந்தப்பாடியிலிருந்து நேரே வந்த நாட்டுச் சர்க்கரையானாலும் கலோரியில் அது சர்க்கரைதான். நம் பக்கத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் "ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்பார்கள்; மறுத்தால் வருத்தப்படுவார்கள். சர்க்கரை போடாமல் கேளுங்கள், அதில் யாருக்கும் மனக்குறை வராது.

பருப்பை நீங்கள் நிறுத்தியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. புரதம் போதாமல் இளைத்தால் கொழுப்போடு தொடைத் தசையும் கரையும். முழங்காலைத் தாங்கிப் பிடிப்பதே அந்தத் தசைதான். பருப்பு வயிற்றில் வாயுவை உண்டாக்கலாம், அந்த வாயு முழங்காலுக்கு இறங்குவதில்லை. கொள்ளையும் பச்சைப்பயற்றையும் முதல் நாள் இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு வேகவைத்தால் வயிற்றுத் தொல்லையும் குறையும். அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கும் சோற்றைக் கைவிட வேண்டியதில்லை. அரிசியைக் குறைத்துத் துவரம்பருப்பைக் கூட்டி, அவரைக்காயையோ கீரையையோ தாராளமாகச் சேர்த்து, மேலே ஊற்றும் நெய்யை மட்டும் அளந்து ஊற்றுங்கள், ஏனெனில் ஒரு மேசைக்கரண்டி நெய்யே 120 கலோரிக்கு அருகில் வருகிறது. கத்தரிக்காயும் தக்காளியும் மூட்டைக் கெடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஐயம் இருந்தால் ஒன்றை மட்டும் மூன்று வாரம் நிறுத்திவிட்டு மறுபடி உண்டு பாருங்கள்; நான்கையும் ஒருசேர நிறுத்தினால் எது குற்றவாளி என்று ஒருபோதும் தெரியாது.

முடவாட்டுக்கால் கொல்லிமலைப் பாறைகளிலும் மரங்களிலும் படரும் ஒரு பெரணிச்செடியின் கிழங்கு. மேலிருக்கும் பழுப்பு ரோமத்தைச் சுரண்டி, மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்தால் நல்ல சூப், சந்தேகமில்லை. மூட்டுக்கு மருந்து என்று அதை நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது. ஈரோட்டு மஞ்சளின் கதையும் ஏறத்தாழ இதுவே. மஞ்சளில் வலியைக் குறைக்கும் என்று சொல்லப்படும் குர்குமின் என்ற பொருள் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது, பாலில் போடும் ஒரு சிட்டிகையில் சில மில்லிகிராம். வலி குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகளிலோ பிரித்தெடுத்த சாரத்தை நாளுக்கு ஆயிரம் மில்லிகிராம் அளவில் கொடுத்தார்கள். அந்தச் சாரத்தை மாத்திரையாக நாடுவதானால், குறிப்பாக இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவரானால், மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

இனி அண்ணன். 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து, 2004-இல் வெளியான ஆய்வில், இறைச்சியும் கடலுணவும் மிகுதியாக உண்டவர்களுக்கு யூரிக் அமிலத்தால் வரும் இந்த மூட்டுநோய் கூடுதலாக வந்தது. உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் என்ற பொருள் மிகுந்த காய்கறிகளால் கூடவில்லை, பால் பொருள்களால் குறைந்தது. ஆகவே அவரும் பருப்புக்குப் பயப்பட வேண்டாம். குறைக்க வேண்டியவை ஆட்டுக்கறி, அதிலும் ஈரல், குடல் போன்றவை, பீர் முதலான மது, இனிப்புக் குளிர்பானங்கள். மோர் எவ்வளவும் குடிக்கலாம். உணவால் மட்டும் யூரிக் அமிலம் ஓரளவுக்குத்தான் இறங்கும் என்பதால், மருத்துவர் தந்த மாத்திரையை வலி இல்லாத நாள்களிலும் அவர் விடக் கூடாது. விரதம் என்று நாள் முழுதும் பட்டினி கிடக்கும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். பட்டினியில் யூரிக் அமிலம் ஏறும், மறுநாளே கட்டைவிரல் வீங்கக்கூடும்.