ஒற்றை அறையில் ஒரு பக்கெட் ஈரத்துணி

பால்கனி இல்லாத சின்ன அறை. துணி காய இரண்டு நாள் ஆகிறது. ஹீட்டர் வாங்கலாமா?

வேண்டாம். 2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் 2 யூனிட் தின்றுவிடும். 75 வாட் சீலிங் ஃபேன் இரவெல்லாம், 8 மணி நேரம் ஓடினாலும் 0.6 யூனிட்தான். ஈரத்துணியை ஒட்டியிருக்கும் காற்று ஈரம் குடித்துக் குடித்து நிரம்பி, அப்படியே நின்றுவிடும். அதைத் தள்ளிவிட்டு வேறு காற்றைக் கொண்டுவந்தால் போதும், துணி தானாகக் காயும். டேபிள் ஃபேன் இருந்தால் இன்னும் நல்லது. துணிகளின் இடுக்கில் காற்று புகும்படி பக்கவாட்டில் வையுங்கள். இரண்டு துணிக்கு நடுவே ஒரு கை நுழைய வேண்டும்.

ஆனால் பாதி வேலை கொடிக்கு வருவதற்கு முன்பே முடிய வேண்டும். மெஷின் இருந்தால் ஸ்பின்னை மட்டும் இன்னொரு தடவை ஓட்டுங்கள். அதற்கு ஆகும் மின்சாரம் சொற்பம். கையால் துவைப்பவர்களுக்கு ஒரு வழி: காய்ந்த துண்டை விரித்து, பிழிந்த சட்டையை அதன்மேல் பரப்பி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, மேலே ஏறி மிதியுங்கள். பிரித்தால் துண்டு கனத்திருக்கும், சட்டை சொட்டாது.

ஜீன்ஸ் மட்டும் காயவே மாட்டேன் என்கிறது.

இடுப்புப் பட்டியும் பாக்கெட்டும்தான் வில்லன்கள். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பாக்கெட்டுகளை இழுத்துவிட்டு, ஜிப்பைத் திறந்து, இடுப்பு வட்டமாக விரிந்து நிற்கும்படி கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். குழாய் மாதிரி காற்று உள்ளே போய்வரும். கொடியில் இரண்டாக மடித்துப் போட்டால் மடிப்புக்குள் ஈரம் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

சோப்புத்தூள் தாராளமாகப் போட்டும் காய்ந்த துணியில் வாடை அடிக்கிறது. ஏன்?

தாராளமாகப் போட்டதும் ஒரு காரணம். அலசி முடித்தும் போகாத சோப்பு அழுக்கைப் பிடித்துவைக்கும். அந்தப் புளித்த ஈரவாடைக்கு மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் காட்டினார்கள். துணி எவ்வளவு நேரம் ஈரமாகக் கிடக்கிறதோ அவ்வளவு நேரம் அதற்குக் கொண்டாட்டம். ஆகவே துவைத்த துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு வகுப்புக்குப் போகாதீர்கள். வாடை ஏறிய துண்டை, லேபிள் அனுமதித்தால், 60 டிகிரி வெந்நீரில் துவைக்கலாம். வாசனைத் திரவம் ஊற்றினால் இரண்டு வாடையும் சேர்ந்து வரும், அவ்வளவுதான்.

மழை நாளில் ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வந்துவிடாதா?

வெளியே குளிரா புழுக்கமா என்பதைப் பொறுத்தது. 10 டிகிரி குளிர்க் காற்று ஈரத்தால் நிரம்பியிருந்தாலும் ஒரு கன மீட்டரில் 9 கிராம் நீராவிதான் இருக்கும். அதே காற்று அறைக்குள் வந்து 20 டிகிரி ஆனதும் 17 கிராம் வரை தாங்கும். அதாவது உங்கள் துணியிலிருந்து வாங்கிக்கொள்ள இடம் இருக்கிறது. தாராளமாகத் திறங்கள், மழை வெளுத்து வாங்கினாலும். வெளியே புழுக்கமான மழை என்றால் திறந்தும் பெரிய லாபமில்லை. ஏசி இருந்தால் ட்ரை மோடில் போடுங்கள்.

அலமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் புள்ளிகள். துணி காயப்போடுவதாலா?

பெரும்பாலும் ஆமாம், அது பூஞ்சை. மெஷினில் பிழிந்த ஒரு சுற்றுத் துணியிலும் 2 லிட்டர் தண்ணீர் வரை மிச்சமிருக்கும். அது காணாமல் போவதில்லை. குளிர்ந்த சுவரைத் தேடிப் போய்ப் படிகிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் உள்ள குளியலறையில் கொடி கட்டி, கதவைச் சாத்தி, கீழே ஒரு விரல் இடைவெளி விடுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்துங்கள். சின்ன ஈரமானி ஒன்று வாங்கி மாட்டினால் அறைக் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும்போது தெரிந்துவிடும். ஆஸ்துமா உள்ளவர் கூடத் தங்கியிருந்தால் இதை நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

காலையில் நேர்முகத் தேர்வு, சட்டை இன்னும் ஈரம்!

துண்டில் சுருட்டி மிதித்துவிட்டு, ஈரத்தோடே இஸ்திரி போடுங்கள். பிறகு ஹேங்கரில் மாட்டி ஃபேனுக்கு நேராகத் தொங்கவிடுங்கள். காலருக்கும் கைப்பட்டிக்கும் மட்டும் ஹேர் ட்ரையர். ஹீட்டர் மேல் போட்டுவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். கல்லூரி நாளில் நான் அப்படிப் போனேன், திரும்பி வந்தபோது காலர் பழுப்பு நிறத்தில் இருந்தது.

சாக்ஸை மைக்ரோவேவில் வைக்கலாமா?

கூடாது. தீப்பிடிக்கும்.