பிக்கப்பில் கூரைக் கூடாரம்: கேபின் மேலா, பின் தொட்டி மேலா?

வணக்கம் ஐயா. காட்பாடியிலிருந்து ஏலகிரிக்கும் சவ்வாது மலைக்கும் சென்றுவர, வண்டி மேலேயே விரித்துப் படுக்கும் 60 கிலோ மடிப்புக் கூடாரத்தை உங்கள் பிக்கப்பின் (பின்னால் திறந்த தொட்டியுள்ள வண்டி) கேபின் கூரையிலேயே பொருத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து.

வண்டியின் கையேட்டில் கூரைக்குக் குறித்திருப்பது வண்டி ஓடும்போது தாங்கும் எடை. கூடாரத்தைப் பொருத்தும் கேரியர் சட்டத்தின் எடையும் அதில் அடக்கம். நிற்கும்போது கூரை அதைவிடக் கூடுதலாகத் தாங்குமென்பதால் இருவர் படுப்பதில் சிக்கல் குறைவு. ஆனால் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில், உச்சியிலிருக்கும் அந்த 60 கிலோ ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியைப் பக்கவாட்டில் சாய்க்கப் பார்க்கும்.

பின் தொட்டியின் பக்கச் சுவர்களில் இரும்புச் சட்டகம் அமைத்து, மடித்த கூடாரம் கேபின் உயரத்தைத் தாண்டாதபடி வையுங்கள். உட்புறம் தடித்த பட்டை கொடுத்தே போல்ட் போடச் சொல்லுங்கள் (வெல்டிங் பட்டறையில் இதைத்தான் முதலில் தவிர்ப்பார்கள்). இல்லையென்றால் மெல்லிய தகட்டில் துளை நாளடைவில் கிழிந்துவிடும். முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மீண்டும் முறுக்கிவிடுங்கள்.